ராணி முட்டை வைக்கவில்லையா? தேனீப் பெட்டியைப் படித்துச் சரிசெய்யும் முறை

பெட்டியைத் திறக்கிறீர்கள். தேனீ இருக்கிறது, கொஞ்சம் தேனும் இருக்கிறது. அடையைத் தூக்கிப் பார்த்தால் அறைகள் எல்லாம் காலி. ஒரு முட்டைகூட இல்லை. புதிதாகத் தேனீ வளர்க்கிறவருக்கு அந்த நேரத்தில் வரும் யோசனை ஒன்றுதான்: ராணி கெட்டுப்போச்சு, மாற்றிவிட வேண்டும்.

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் முடிவெடுத்தேன். ஆடி மாதம், விடாத மழை. மூன்று வாரமாக முட்டை இல்லாத ஒரு பெட்டியில் ராணியைப் பிடித்துக் கொன்றுவிட்டு, இன்னொரு பெட்டியில் தேடிக் கிடைத்த முட்டை அடை ஒன்றை வைத்தேன். தேனீக்கள் புது ராணியை வளர்த்தன. ஆனால் அவள் இணை சேர வெளியே பறக்க மழை விடவில்லை, பறந்திருந்தாலும் அந்தப் பருவத்தில் ஆண் தேனீ இல்லை. ஆவணி முடிவதற்குள் பெட்டியில் அடையைத் தின்னும் மெழுகுப்புழுதான் மிச்சம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பட்டினி கெடக்குற வீட்டுல எவன் மக்கா தொட்டில் கெட்டுவான்? மொதல்ல கஞ்சி ஊத்து.”

இந்த வழிகாட்டியின் அடிப்படை அந்தப் பேச்சுதான். முட்டை வைப்பது ராணி ஒருத்தியின் விருப்பத்தில் நடப்பதில்லை. இளம் வேலைக்காரத் தேனீக்கள் மகரந்தம் தின்று, தலையில் உள்ள சுரப்பிகளில் சுரக்கும் பாலை ராணிக்கு ஊட்டினால்தான் அவள் வயிற்றில் முட்டை உருவாகும். மகரந்தம் நின்றால் பால் நிற்கும், பால் நின்றால் முட்டை நிற்கும். ஆகவே முட்டை இல்லை என்றால் ராணியோடு சேர்த்துக் குடும்பத்தையும் இடத்தையும் பருவத்தையும் பார்க்க வேண்டும். நான் சொல்லப்போவது நம் ஊர் இந்தியத் தேனீயை, அதாவது பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயை மனதில் வைத்து. இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், நாள் கணக்கு மட்டும் கொஞ்சம் மாறும்.

முதல் படி: திறக்கும் முன் வாசலில் நில்லுங்கள்

காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பெட்டியின் பக்கவாட்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் தேனீக்களின் பின்னங்கால்களில் மஞ்சளோ வெள்ளையோ மகரந்த உருண்டை இருக்கிறதா? தொடர்ந்து மகரந்தம் வந்தால் உள்ளே முட்டையிலிருந்து வந்த தேனீப் புழு இருக்கிறது, அல்லது புழு வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். மகரந்தம் அறவே இல்லாமல், தேனீக்கள் வாசலில் சோம்பிக் கிடந்தால் கவலைப்பட வேண்டும். மூடியைத் திறந்ததும் வரும் சத்தத்தையும் கவனியுங்கள். ராணி இல்லாத குடும்பம் ஒரு நீண்ட, கலங்கிய இரைச்சல் போடும், உடனே அடங்காது. இது உறுதியான சான்று இல்லை, ஆனால் பழகிய காதுக்கு நல்ல துப்பு.

வாசலில் ராணித் தடுப்பான் (வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் இடைவெளியுள்ள தகடு) இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். காட்டிலிருந்து பிடித்து வந்த குடும்பம் ஓடிவிடக் கூடாது என்று பலரும் ஒரு தடுப்பானை மாட்டுகிறார்கள். அதை எடுக்க மறந்துவிட்டால், இடையில் பழைய ராணி செத்துப் புதியவள் பிறந்திருந்தால், அவள் இணை சேரப் போகவே முடியாது. ஆண் தேனீக்களும் உள்ளேயே அடைபட்டுச் சாகும்.

இரண்டாம் படி: முட்டையைத் தேடுங்கள்

ராணியைத் தேடி நேரம் போக்க வேண்டாம். நம் அடுக்குத் தேனீ ராணி கூச்சமுள்ளவள். வெளிச்சம் பட்டதும் அடையின் மறுபக்கம் ஓடுவாள், அடை கட்டிய மரச்சட்டத்தின் மூலையில் தேனீக் கூட்டத்துக்குள் மறைவாள். அவளைத் துரத்தித் துரத்தித் தேடினால் குடும்பமே கலைந்துபோகும். முட்டை கண்ணில் பட்டால் போதும், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்தாள் என்பது தெரிந்துவிடும்.

தேங்காய்க் கதம்பையை மூட்டி, புகையை இரண்டே இழுப்பு கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, நடுச் சட்டங்களை ஒவ்வொன்றாக நேராகத் தூக்குங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து தோளுக்கு மேலாக அறையின் அடியில் விழும்படி அடையைப் பிடியுங்கள். முட்டை அரிசிக் குருணையைவிடச் சிறியது, வெள்ளை நூல் துண்டு போல நிற்கும். புது வெள்ளை அடையில் அது கண்ணுக்கே தெரியாது. கண் மங்கியவர்கள் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

தேன் சேர மேலே வைக்கும் தட்டான தேன் அறை வைத்திருந்தால் அதையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் கீழே புழு வளரும் புழு அறைக்கும் தேன் அறைக்கும் நடுவே பெரும்பாலும் தடுப்பு எதுவும் வைப்பதில்லை. ராணி மேலே ஏறி அங்கே முட்டை வைத்துக்கொண்டிருப்பாள், நாம் கீழே காலி அடையைப் பார்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்போம்.

மூன்றாம் படி: அடையில் நாள் கணக்குப் போடுங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட படி இது. அடுக்குத் தேனீயில் வேலைக்காரத் தேனீயின் முட்டை 3 நாள் இருக்கும், புழு 4 முதல் 5 நாள், மூடிய அறைக்குள் கூட்டுப்புழு 11 முதல் 12 நாள். மொத்தம் 18 முதல் 20 நாள். ராணி வெளிவர 15 முதல் 16 நாள், ஆண் தேனீக்கு ஏறக்குறைய 24 நாள். இத்தாலியத் தேனீயில் வேலைக்காரத் தேனீ 21 நாள், ராணி 16 நாள்.

இதை வைத்து அடையைப் பின்னோக்கிப் படிக்கலாம். முட்டை இல்லை, ஆனால் திறந்த அறையில் புழு இருக்கிறது என்றால் முட்டை நின்று மூன்று நாளுக்கு மேல் ஆகிறது, எட்டு நாளைத் தாண்டவில்லை. மூடிய அறைகள் மட்டும் இருந்தால் எட்டு நாளைத் தாண்டிவிட்டது. அதுவும் இல்லை, எல்லாம் காலி என்றால் மூன்று வாரம் ஆகியிருக்கும். இப்போது யோசியுங்கள்: அந்த நாளில் என்ன நடந்தது? தேன் எடுத்தீர்களா? அவசரத்தில் சட்டத்தை இறக்கும்போது ராணி நசுங்கியிருக்கலாம். பக்கத்தில் யாராவது மருந்து தெளித்தார்களா? மழை பிடித்ததா? பெட்டியை இடம் மாற்றினீர்களா? ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நோட்டில் தேதி எழுதி வைத்தால் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

நான்காம் படி: பசியா என்று பாருங்கள்

குமரி மாவட்டத்தில் ரப்பர் இலையுதிர்ந்து துளிர்க்கும் தை, மாசி, பங்குனியில்தான் தேன் வரத்து. ரப்பரில் பூவிலிருந்து வருவதைவிட இளந்துளிரின் இலைக்காம்பில் சுரக்கும் மதுரம்தான் (தேனீ தேனாக்கும் இனிப்பு நீர்) பெரும்பகுதி. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வரத்து நின்றுவிடும். அந்த மாதங்களில் ராணி முட்டையைக் குறைப்பதும், சில நாள் நிறுத்துவதும் நோய் இல்லை. குடும்பம் தன் வாயைக் கட்டிக்கொள்கிறது. உங்கள் எல்லாப் பெட்டியிலும் முட்டை ஒருசேரக் குறைந்திருந்தால் காரணம் பருவம்தான். ஒரே பெட்டியில் மட்டும் இல்லை என்றால் அந்தப் பெட்டியில் ஏதோ கோளாறு.

பசிக்கு மருந்து எளிது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த பாகு. 200 மில்லி அளவு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க நான்கைந்து குச்சிகளைப் போட்டு, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தால், சிந்தினால், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், எறும்பும் வரும். வெல்லம், கருப்பட்டி வேண்டாம், தேனீக்குப் பேதியாகும். கடையில் வாங்கிய தேனும் வேண்டாம், எந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுங்கள். மகரந்தமும் இல்லாத இடமென்றால் வறுத்த கடலைமாவைக் கொஞ்சம் பாகில் பிசைந்து சட்டங்களின் மேல் வைக்கலாம். ராணி நல்லவளாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடையின் நடுவில் முட்டை தெரியும்.

கூடவே பெட்டியைச் சுருக்குங்கள். நியூட்டன் பெட்டியில் புழு அறைக்கு ஏழு சட்டம். மழைக்காலத்துக் குடும்பம் மூன்று, நான்கு சட்டத்தைத்தான் மூட முடியும். மீதிக் காலி அடைகளை எடுத்துவிட்டு ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். காலி அடை மெழுகுப்புழுவுக்கு வீடு, தேனீக்கோ காக்க முடியாத சுமை. (திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை நியூட்டன் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் நம் சிறிய தேனீயின் அளவு பார்த்துத்தான் அந்தச் சிறு பெட்டியை வடிவமைத்தார். அதிலும் இடம் மிஞ்சுகிறது என்றால் குடும்பம் அவ்வளவு மெலிந்திருக்கிறது.)

ஐந்தாம் படி: இடம் இருக்கிறதா?

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. தேன் வரத்து உச்சத்தில் இருக்கும்போது தேனீக்கள் புழு அறையின் அடைக்கண் எல்லாவற்றிலும் மதுரத்தை நிரப்பிவிடும், ராணிக்கு முட்டை வைக்க ஓர் அறைகூட இருக்காது. பாகு அதிகம் ஊட்டினாலும் இதே கதைதான். தேன் அறையில் உள்ள தேனை எடுத்துவிட்டு, புழு அறையின் ஓரத்துத் தேன் சட்டம் ஒன்றையும் எடுத்து, அந்த இடத்தில் மெழுகுப் பட்டை ஒட்டிய காலிச் சட்டம் வையுங்கள். அடுக்குத் தேனீ ராணிக்குப் புது அடை மேல் தனிப் பிரியம். கறுத்துப் பழசான அடையில் அவள் முட்டை வைக்கத் தயங்குவாள், தேனீக்களே அதைக் கடித்துக் குதறும். பழைய அடையை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

ஆறாம் படி: ஓடப் பார்க்கிறதா?

இத்தாலியத் தேனீ பற்றிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தவறவிடும் இடம் இது. நம் தேனீ பிடிக்காத வீட்டில் தங்காது. பசி, எறும்பு, மெழுகுப்புழு, வெயில், ஓயாத தொந்தரவு, இதில் ஏதாவது மிஞ்சினால் மொத்தக் குடும்பமும் போய்விடும். திட்டமிட்டுப் போகும்போது முதலில் நடப்பது ராணி முட்டையை நிறுத்துவதுதான். அவள் வயிறு சுருங்கிப் பறக்கத் தயாராவாள். இருக்கும் கூட்டுப்புழுக்கள் எல்லாம் தேனீயாக வெளிவரும்வரை குடும்பம் காத்திருக்கும், சேமித்த தேனைத் தின்று தீர்க்கும். கடைசி மூடிய அறையும் திறந்த பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் கிளம்பிவிடும்.

எனவே முட்டையும் புழுவும் இல்லை, தேனும் குறைகிறது, மகரந்தம் வரவில்லை, ராணி இருக்கிறாள் ஆனால் மெலிந்திருக்கிறாள் என்றால் உங்களுக்குச் சில நாள்தான் அவகாசம். அன்று மாலையே பாகு வையுங்கள். அடிப்பலகையைச் சுத்தம் செய்து, மெழுகுப்புழு அரித்த அடையை வெளியேற்றுங்கள். தாங்கியின் கால்களில் எறும்புக் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நிழல் போடுங்கள். வேறொரு நல்ல பெட்டியிலிருந்து திறந்த புழு உள்ள ஒரு சட்டத்தைத் தேனீ உதறிவிட்டுக் கொண்டுவந்து நடுவில் வையுங்கள். பசித்த குழந்தையை விட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது, பெரும்பாலும் தங்கிவிடும். ராணி இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்த பெட்டிக்கு மட்டும் ஒரு வாரத்துக்குத் தடுப்பான் மாட்டலாம். எடுக்கும் தேதியை மூடியின் மேல் எழுதிவிடுங்கள்.

குடும்பம் பிரியப்போகும்போதும் ராணி மெலிவாள், முட்டை குறையும். ஆனால் அப்போது பெட்டி தேனீயால் நிறைந்திருக்கும், அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைத் தோடு போலத் தொங்கும் ராணி அறைகள் பல இருக்கும், ஆண் தேனீயும் நிறைய இருக்கும். இது வளமையின் அறிகுறி. குடும்பத்தை நீங்களே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

ஏழாம் படி: சோதனை அடை

ராணி இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை, பருவமும் குறை சொல்லும்படி இல்லை. சரி, தேனீக்களிடமே கேட்டுவிடுவோம். நோயில்லாத பெட்டியிலிருந்து முட்டையும் மிக இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, தேனீக்களை உதறிவிட்டுச் சந்தேகப் பெட்டியின் நடுவில் வையுங்கள். நான்காம் நாள் பாருங்கள்.

அடையின் நடுப்பகுதியில் ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் அங்கே ராணி இல்லை. அப்படியே விடுங்கள், வளர்த்துக்கொள்ளும். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: இளம் புழுவிலிருந்து ராணி வெளிவர ஏறக்குறைய பன்னிரண்டு நாள், இணை சேரப் பறக்க ஐந்து முதல் ஏழு நாள், அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் முட்டை. புதுத் தேனீ வர மேலும் 18 முதல் 20 நாள். ஆக, ஆறு வாரத்துக்குக் குடும்பத்தில் பிறப்பே இல்லை. அந்த இடைவெளியைத் தாண்ட, வேறு பெட்டியிலிருந்து வாரம் ஒரு மூடிய புழு அடை கொடுத்தால் குடும்பம் பிழைக்கும்.

ராணி அறை கட்டவில்லை, புழுவை மட்டும் ஒழுங்காக வளர்க்கிறது என்றால் உள்ளே ஒருத்தி இருக்கிறாள். கன்னி ராணியாக இருக்கலாம். பிறந்து மூன்று வாரம்வரை பொறுமையாக இருங்கள். அந்த நாட்களில் மதியத்துக்கு மேல் பெட்டியைத் திறக்கவே கூடாது. அவள் பறந்து திரும்பும் நேரம் அது. பெட்டியின் முகப்பு மாறியிருந்தால் வழி தவறிவிடுவாள். நான்கு வாரமாகியும் முட்டை இல்லை என்றால் இனி அவளால் ஆகாது.

எட்டாம் படி: முட்டை இருந்தும் பயனில்லாத பெட்டி

சில பெட்டியில் முட்டை இருக்கும், ஆனால் ஓர் அறையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று. அறையின் அடியில் நிற்காமல் சுவரில் ஒட்டியிருக்கும். இது வேலைக்காரத் தேனீக்கள் வைத்த முட்டை. ராணி போய்விட்டால் நம் தேனீயில் இது சீக்கிரமே தொடங்கிவிடும், ஒரு வாரம் பத்து நாள்கூடப் போதும். அவை இணை சேராதவை, எனவே அத்தனையும் ஆண் தேனீயாகத்தான் வரும். வேலைக்காரத் தேனீ அறையிலேயே மூடி மேடாகப் புடைத்து நிற்கும். அடுக்குத் தேனீயின் ஆண் அறை மூடியில் நடுவில் குண்டூசி நுனி அளவு ஒரு துளை இருக்கும், அதை வைத்து உறுதி செய்யலாம்.

முட்டை ஒற்றையாக, அறையின் அடியில் சரியாக இருந்து, மூடி மட்டும் எல்லாம் புடைத்திருந்தால் ராணி இருக்கிறாள், ஆனால் இணை சேரவில்லை, அல்லது முதுமையில் விந்து தீர்ந்துவிட்டது. அவளை எடுத்துவிட வேண்டியதுதான். புது ராணி முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு முட்டை வைப்பதும் உண்டு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

புழுக்கள் அறைக்குள் மூட்டை போல வீங்கி, தலை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்தால் அது தாய்லாந்தின் பெயரால் ‘தாய் சேக்புரூட்’ எனப்படும் வைரஸ் நோய். 1991-92 வாக்கில் தென்னிந்தியாவில் புகுந்து பெரும்பகுதி அடுக்குத் தேனீக் குடும்பங்களை அழித்தது இதுதான். அடை திட்டுத்திட்டாகக் காலியாகத் தெரிவதால் ராணியின் குறை என்று தோன்றும். அந்தப் பெட்டியிலிருந்து எந்த அடையையும் வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், அதில் புழங்கிய கத்தியையும் கையையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள்.

ஒன்பதாம் படி: புது ராணி அல்லது இணைப்பு

மாற்றுவது என்று முடிவானால் நான் முதலில் விரும்புவது முதிர்ந்த ராணி அறை. நல்ல குணமும் நல்ல தேனும் உள்ள பெட்டியில், மூடி ஒரு வாரம் ஆகி நுனியில் மெழுகு உதிர்ந்து பழுப்பாகத் தெரியும் அறையைக் கொஞ்சம் அடையோடு சேர்த்து வெட்டி எடுங்கள். குலுக்காதீர்கள், தலைகீழாக்காதீர்கள். நுனி கீழே பார்க்கும்படி நடு அடையில் ஒரு குச்சியால் பொருத்துங்கள். பழைய ராணியையும், அந்தப் பெட்டி தானே கட்டிய ராணி அறைகளையும் முந்தின நாளே அகற்றியிருக்க வேண்டும். ஊரில் ஆண் தேனீ பறக்கும் பருவத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

முட்டை வைக்கும் ராணியே கிடைத்தால் சிறு கம்பிவலைக் கூண்டில் விட்டு இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிடுங்கள். மறுநாள் பாருங்கள். தேனீக்கள் கம்பியைக் கடித்துக்கொண்டு அப்பிக் கிடந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். நாக்கை நீட்டி ஊட்டிக்கொண்டிருந்தால் பொழுது சாயும்போது திறந்துவிடலாம்.

வேலைக்காரத் தேனீ முட்டை வைக்கும் பெட்டிக்கும், இரண்டு சட்டம்கூட மூடாத மெலிந்த பெட்டிக்கும் ராணியைக் கொடுத்து வீணாக்க வேண்டாம். இணைத்துவிடுங்கள். ராணியுள்ள பலமான பெட்டியை நோக்கி இதை நாளுக்கு ஓர் அடியாக நகர்த்திக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் வந்ததும் ஒரு மாலை, ராணிப் பெட்டியின் புழு அறை மேல் செய்தித்தாளை விரித்து ஊசியால் நாலைந்து துளை போட்டு, அதன் மேல் ராணியில்லாத அறையை வையுங்கள். தாளைக் கடித்துத் திறப்பதற்குள் இரண்டின் மணமும் கலந்துவிடும், சண்டை வராது.

புது ராணியின் முதல் முட்டையைப் பார்த்த அன்று தேதி எழுதிக்கொண்டு மூடிவிடுங்கள். பத்தாம் நாள் காலை மட்டும் ஒருமுறை திறந்து நடுச் சட்டத்தைப் பாருங்கள். மூடிகள் தட்டையாக, அடுத்தடுத்த அறைகளில் இடைவெளி இல்லாமல் இருந்தால் அவள் நன்றாக இணை சேர்ந்திருக்கிறாள். அங்கங்கே புடைத்த மூடியாக இருந்தால் எட்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.